ஒரே ரவுட்டர், இரண்டு கணினிகள்: இணைப்பு எங்கே அறுகிறது?

ஒரே ரவுட்டரிலிருந்து இணையத்தைப் பகிர்ந்துகொள்ளும் கணினிகளைப் பற்றி எழும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. இரண்டு கணினிகளிலும் இணையம் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தொட முடியவில்லை என்பது முதல் வகை. கணினிகள் தமக்குள் கோப்புகளைத் தாராளமாகப் பரிமாறிக்கொள்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இணையம் கிடைக்கவில்லை என்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் ஒன்றுதான்: ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடியும் போடுவது. சில நேரங்களில் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் ஏன் பலித்தது என்று தெரியாததால், அதே கோளாறு திரும்பி வரும்போது மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு புகார்களும் இரு வேறு பாதைகளைப் பற்றியவை என்பதை முதலில் பிடித்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவின் ஒரு சிறு துண்டு, எந்தப் பாதையில் போக வேண்டும் என்ற முதல் முடிவை எடுப்பது அதை அனுப்பும் கணினியே. ரவுட்டருக்கு அந்தக் கட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை. கணினியின் ஐபி முகவரி 192.168.1.20 என்றும், முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் அதன் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் வைத்துக்கொள்வோம். 192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் அது தன் பக்கத்திலேயே இருப்பவையாகக் கருதும். மற்ற அனைத்தையும் வெளியூராகக் கருதும். பக்கத்தில் இருக்கும் 192.168.1.35 உடன் பேச வேண்டுமென்றால், "இந்த முகவரி யாரிடம் இருக்கிறது?" என்று அந்த நெட்வொர்க்கில் உள்ள அனைவரையும் ஒரே நேரத்தில் கேட்கும். உரிய கணினி தன் 48 பிட் வன்பொருள் முகவரியைப் பதிலாகத் தரும். அதன் பிறகு பாக்கெட்டுகள் நேராகவே அதற்குப் போகும். 1982-இல் ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதிமுறை ஆவண வரிசையில் 826-ஆம் ஆவணம் வகுத்த இந்தக் கேள்வி பதிலுக்கு ஆர்ப் என்று பெயர். இத்தகைய பேச்சில் ரவுட்டர் பெட்டிக்குள் இருந்து கணினிகளைத் தமக்குள் இணைக்கும் ஸ்விட்ச் பகுதி மட்டுமே வேலை செய்கிறது; முகவரியை மாற்றி இணையத்துக்கு அனுப்பும் பகுதி இந்தப் பாக்கெட்டுகளைத் தொடுவதே இல்லை.

வெளியூர் முகவரி என்றால் நிலைமை வேறு. அப்போது கணினி பாக்கெட்டைக் கேட்வேயிடம், அதாவது வெளியே போகும் வாசலாக நிற்கும் ரவுட்டரிடம், ஒப்படைக்கிறது. கேட்வே அதிலுள்ள அனுப்புநர் முகவரியை நீக்கித் தன் வெளி முகவரியைப் போட்டு அனுப்புகிறது. எந்தக் கணினி எந்தப் போர்ட்டிலிருந்து (ஓர் உரையாடலை அடையாளம் காட்டும் எண்) பேசியது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துவைத்து, பதில் வரும்போது அதைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. நாட் என்று அழைக்கப்படும் இந்த முறை 1994-இல் ஆர்எஃப்சி 1631-இல் விவரிக்கப்பட்டது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் நாம் காணும் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய தனி முகவரித் தொகுதிகள் 1996-இல் ஆர்எஃப்சி 1918 வழியாக இன்றைய வடிவம் பெற்றன. ஆகவே ஒரு கணினியில் இணையம் ஓடுகிறது என்பது, அந்தக் கணினிக்கும் கேட்வேக்கும் இடையிலும், கேட்வேக்கும் வெளியுலகுக்கும் இடையிலும் வழி நலமாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பக்கத்துக் கணினிக்குப் போகும் வழியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

எனவே இரண்டு கணினிகளிலும் முகவரி, மாஸ்க், கேட்வே ஆகிய மூன்றையும் எழுதி அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் சரியான தொடக்கம். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளை இம்மூன்றையும் காட்டும். லினக்ஸிலும் மேக்கிலும் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். இதைச் செய்யாமல், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைப்பதும், நெட்வொர்க் வன்பொருளை இயக்கும் டிரைவரை மறுபடி நிறுவுவதும் நேரத்தை வீணடிக்கும் வேலை.

ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது டிஎச்சிபி சர்வரிடம் (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் சேவை; பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும்) முகவரி கேட்டு, பதில் வராமல், தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளில் பிழை இருக்கலாம், ரவுட்டர் பகிர்ந்தளிக்க வைத்திருக்கும் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு கணினிகளும் இப்படி 169.254 முகவரியைச் சூட்டிக்கொண்டால், அவை தமக்குள் தடையின்றிப் பேசும், கோப்புகளும் நகலாகும். இணையம் மட்டும் இருக்காது, ஏனென்றால் அந்த முகவரியோடு கேட்வே எதுவும் வருவதில்லை. "உள்ளே எல்லாம் ஓடுகிறது, வெளியேதான் போகவில்லை" என்ற புகாரைக் கேட்டதும் பலர் இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கிறார்கள். அதற்கு முன் முகவரியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

முகவரி சரியானதுபோலத் தோன்றியும் கணினிகள் ஒன்றையொன்று காணாமல் போவதற்கு, என் கணிப்பில் மிகப் பொதுவான காரணம் இரண்டாவது ரவுட்டர்தான். வைஃபை எட்டாத அறைக்காக இன்னொரு ரவுட்டரை வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN) துளையில், அதாவது இணையப் பக்கத் துளையில், செருகிவிடுகிறோம். உடனே இணையம் கிடைக்கிறது. வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. உண்மையில் இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கின்றன. முதல் ரவுட்டர் 192.168.1.1, அதன் கீழ் ஒரு கணினி 192.168.1.20. இரண்டாவது ரவுட்டர் வெளிப்பக்கம் 192.168.1.7 என்ற முகவரியைப் பெற்று, உள்பக்கம் 192.168.0.1 ஆக நின்று, தன் கீழுள்ள கணினிக்கு 192.168.0.30 என்று கொடுத்திருக்கிறது.

இந்த அமைப்பில் 0.30 கணினியிலிருந்து 1.20 கணினியைப் பிடிக்க முடியும். பாக்கெட் இரண்டாவது ரவுட்டருக்குப் போய், முகவரி மாறி, 192.168.1.7 என்ற பெயரில் 1.20-ஐ அடைகிறது, பதிலும் அதே வழியில் திரும்புகிறது. ஆனால் 1.20 கணினி 0.30-ஐத் தேடினால், தன் மாஸ்கின்படி அது வெளியூர் முகவரி என்று முடிவுசெய்து முதல் ரவுட்டரிடம் தள்ளிவிடும். முதல் ரவுட்டருக்கு 192.168.0 என்ற நெட்வொர்க் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தனக்குத் தெரியாத எல்லாவற்றையும் போல அதையும் இணையத்தின் பக்கம் அனுப்பிவிடும். அங்கே அது அழிந்துபோகும். இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினி தெரிகிறது, அங்கிருந்து இது தெரியவில்லை என்ற ஒருபக்க இணைப்பு இப்படித்தான் பிறக்கிறது. ஃபயர்வாலில் எத்தனை மணி நேரம் தேடினாலும் இதற்கு விடை கிடைக்காது. தீர்வோ எளியது. இரண்டாவது பெட்டியை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி அதில் இல்லையென்றால், அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 போன்று முதல் ரவுட்டரின் பகிர்வுக்கு வெளியே உள்ள ஒரு முகவரியைக் கொடுத்து, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து, உள்பக்கக் கணினிகளுக்கான லான் (LAN) துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மட்டும் மாற்றினால், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்குவார்கள். எந்தக் கணினி யாரிடம் முதலில் பதில் பெறுகிறதோ அதைப் பொறுத்து, காலையில் ஓடியது மாலையில் ஓடாது.

மாஸ்க் பொருந்தாமல் போவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறு, ஆனால் கண்டுபிடிக்க இன்னும் கடினமானது. கேட்வே 192.168.1.254, ஒரு கணினி 192.168.1.20, அதன் மாஸ்க் 255.255.255.0. மற்றொரு கணினி 192.168.1.150, யாரோ கைமுறையாக அமைத்தபோது அதன் மாஸ்க் 255.255.255.128 என்று பதிவாகிவிட்டது. இரண்டாவது கணினியின் கண்ணுக்கு 1.128 முதல் 1.255 வரைதான் அக்கம்பக்கம். 1.20 அதை நேராகத் தொடர்புகொள்ளும். ஆனால் பதிலை 1.150 நேராகத் தராமல் கேட்வே வழியாக அனுப்பும். கேட்வேயின் ஃபயர்வாலோ இந்த உரையாடலின் தொடக்கத்தைப் பார்க்கவே இல்லை. கேள்வியே கேட்கப்படாமல் வரும் பதிலைச் செல்லாததாகக் கருதிக் கைவிடுவது பல ரவுட்டர்களின் இயல்பு. விளைவு, இரண்டு கணினிகளிலும் இணையம் குறைவின்றி ஓடும். அவற்றுக்கிடையே மட்டும் இணைப்பு எழாது. பாக்கெட் போய்ச் சேருவது பாதி வேலைதான், பதிலுக்கும் திரும்பி வர வழி வேண்டும் என்பதை இந்த ஒரு நிகழ்வு மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒரே முகவரி இரண்டு கணினிகளில் இருப்பதும் உண்டு. பிரிண்டருக்கோ கோப்புச் சேமிப்புப் பெட்டிக்கோ கைமுறையாக 192.168.1.50 என்று வைத்துவிட்டு, ரவுட்டரும் அதே எண்ணைப் பகிர்ந்தளிக்க விட்டுவைத்தால், இரண்டும் மாறிமாறி அறுந்துகொண்டே இருக்கும். நிலையான முகவரி தேவைப்படும் கருவிகளுக்கு ரவுட்டரிலேயே முகவரியை ஒதுக்கி வைப்பது இதைத் தவிர்க்கும்.

முகவரிகள் பொருந்துகின்றன என்று உறுதியான பிறகுதான், ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்கு வேலை. 1983 இறுதியில் மைக் மூஸ் எழுதிய இந்தச் சிறு நிரல் இன்றும் எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது. ஆனால் அதன் தோல்வியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். பிங்குக்குப் பதில் வந்தால் வழி இருக்கிறது என்று பொருள். பதில் வராவிட்டால் வழி இல்லை என்று பொருளாகாது. 2004 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து விண்டோஸில் ஃபயர்வால் இயல்பாகவே இயங்குகிறது; அது வெளியிலிருந்து வரும் பிங்கைப் பல அமைப்புகளில் கேட்டும் கேளாததுபோல விட்டுவிடுகிறது.

இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் அன்றாடம் செய்வதுதான். பிங் தோற்றவுடன் அதே கணினியில் ஆர்ப் அட்டவணையை, அதாவது கேட்டறிந்த வன்பொருள் முகவரிகளைக் கணினி குறித்துவைக்கும் பட்டியலை, பார்க்க வேண்டும். மேலே சொன்ன "யாரிடம் இருக்கிறது?" என்ற கேள்வி ஐபி அடுக்குக்குக் கீழே நடப்பதால், சாதாரண ஃபயர்வால்கள் அதைத் தடுப்பதில்லை. பிங்குக்குப் பதில் வராமல், ஆனால் அட்டவணையில் அந்த ஐபி முகவரிக்கு எதிரே ஒரு வன்பொருள் முகவரி பதிவாகியிருந்தால், எதிர்க் கணினி உயிரோடு இருக்கிறது, கேபிளும் வைஃபையும் சரியாக இருக்கின்றன, மௌனம் காப்பது ஃபயர்வால்தான் என்று துணிந்து சொல்லலாம். பதிவே இல்லை அல்லது முழுமையடையாத பதிவாக இருக்கிறது என்றால், கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது. ஃபயர்வாலைத் தொட வேண்டியதே இல்லை. பழைய பதிவு மீந்திருந்து ஏமாற்றக்கூடும் என்பதால், சோதனைக்கு முன் அட்டவணையை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, சந்தேகத்துக்குரிய காரணங்களை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை முற்றாக விலக்கிவிடுகிறது.

ஆர்ப் பதிவு எழாததற்கு வைஃபையில் அடிக்கடி காணப்படும் காரணம், கிளையண்ட் ஐசொலேஷன் என்ற அமைப்பு. அது இயங்கும்போது, ஒரே வைஃபையில் இணைந்துள்ள கருவிகள் கேட்வேயுடன் மட்டுமே பேசலாம். ஒன்றோடொன்று பேசக் கூடாது. விருந்தினர்களுக்கென ரவுட்டர் தரும் தனி வைஃபைப் பெயரில் இது பெரும்பாலும் இயல்பாகவே இயங்கும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடுதான்; ஆனால் மடிக்கணினியை விருந்தினர் வைஃபையிலும் பிரிண்டரை முதன்மை வைஃபையிலும் வைத்துக்கொண்டு அச்சிட முயன்றால் அச்சு வரப்போவதில்லை. கேபிளில் இணைந்த கணினிகளிடம் இந்தத் தொல்லை குறைவு. கேபிளைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு போதும்: 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டே போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்; ஆகவே புதிய கருவிகள் இரண்டும் 100 மெகாபிட்டில் மட்டும் இணைந்தால் கேபிளையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆர்ப் பதிவு இருந்து பிங் தோற்றால் ஃபயர்வால் பக்கம் வரலாம். அதை முழுவதுமாக அணைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது, ஏனென்றால் அணைத்ததை மறுபடி இயக்க மறந்துவிடுகிறோம். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பொது, தனிப்பட்ட என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பொது என்று குறிக்கப்பட்டதில் கோப்புப் பகிர்வும் கண்டறிதலும் அடைபட்டிருக்கும். புதிய ரவுட்டர் பொருத்தப்பட்டால், வைஃபையின் பெயர் பழையதாகவே இருந்தாலும், விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காகப் பார்த்து மீண்டும் பொது வகையில் சேர்த்துவிடக்கூடும். ரவுட்டர் மாறிய அன்றே பகிர்ந்த கோப்புறைகள் மறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நம்பகமான நெட்வொர்க் என்றால் வகையைத் தனிப்பட்டது என்று மாற்றினால் போதும். போக்குவரத்தை ஒரு தனி மறைவழியில் அனுப்பும் விபிஎன் மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். அவற்றுள் சில, உள் நெட்வொர்க்குக்கான வழியையே அடைத்துவிடுகின்றன.

பிங்கும் வேலை செய்கிறது, ஆனால் நெட்வொர்க் பட்டியலில் கணினியின் பெயர் தெரியவில்லை என்றால் அது வழியின் குற்றமன்று, பெயரின் குற்றம். கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுக்குப் பிறகு ஐபி முகவரியையே தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பழைய பட்டியல் முறை, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பைச் சார்ந்திருந்தது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை தாக்குதல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகவே கணினிகளுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 வெளியீட்டிலிருந்து அந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய கோப்புச் சேமிப்புப் பெட்டி புதிய கணினியில் தெரியாமல் போனால், முதல் பதிப்பை மறுபடி இயக்கச் சொல்லும் யோசனைகள் ஏராளமாகக் கிடைக்கும். அதைச் செய்யாமல், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பைப் பேச வைப்பதே முறை. "அனுமதி இல்லை" என்ற செய்தி வந்தால் நெட்வொர்க் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது; இனித் தேட வேண்டியது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும்தான்.

இனி இரண்டாம் வகைப் புகார். ஒரு கணினிக்கு மட்டும் இணையம் இல்லையென்றால், முதலில் கேட்வேயின் முகவரிக்குப் பிங் செய்ய வேண்டும், பிறகு 8.8.8.8 போன்ற ஒரு வெளி முகவரிக்கு. கடைசியாக ஏதேனும் ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பைத் திருத்தினால் தீர்ந்தது.

தனி ரவுட்டருக்குப் பதிலாக ஒரு கணினியே கேட்வேயாக நிற்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1999-இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இந்த வசதியைக் கொண்டுவந்த காலத்தில் உள்பக்க முகவரி 192.168.0.1 என்று அமைந்தது. விண்டோஸ் 7 முதல் அது 192.168.137.1 ஆனது. லினக்ஸில் பாக்கெட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங் வசதி பொதுவாக அணைந்தே இருக்கும். அதை இயக்குவதோடு நாட் விதியையும் சேர்க்க வேண்டும். இங்கே ஏமாறுவது எளிது: உள்ளிருக்கும் கணினியிலிருந்து கேட்வேயின் வெளிப்பக்க முகவரிக்குப் பிங் செய்தால் பதில் வரும், உடனே கடத்தல் நடக்கிறது என்று நம்பிவிடுவோம். அந்த முகவரியும் அந்த லினக்ஸ் கணினியின் சொந்த முகவரிதான், ஆகவே எதையும் கடத்தாமலேயே அது பதில் சொல்லும். அதற்கும் அப்பால் உள்ள ஒரு முகவரியிலிருந்து பதில் வந்தால்தான் கடத்தல் நடக்கிறது என்று கொள்ளலாம்.

பிங் போகிறது, பெயரும் தீர்கிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் உறைந்து நிற்கின்றன என்றால் பாக்கெட்டின் அளவைச் சந்தேகிக்கலாம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஈ இணைப்பில், பாக்கெட்டின் முன்னால் சேரும் தலைப்புக் குறிப்புக்கு 8 பைட் போய்விடுவதால் 1492. பெரிய பாக்கெட் அந்தக் குறுகலில் நுழைய முடியாதபோது, "சிறிதாக்கி அனுப்பு" என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். வழியில் உள்ள ஏதோ ஒரு ஃபயர்வால் அந்தச் செய்தியை விழுங்கிவிட்டால், அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். சிறிய பிங் எப்போதும் தப்பிவிடுவதால் கோளாறு கண்ணில் படாது. துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட் பிங்கையும், அடுத்து 1464 பைட் பிங்கையும் வெளியே அனுப்பிப் பார்க்க வேண்டும். இரண்டோடும் தலைப்புகளுக்கான 28 பைட் சேரும். முன்னது தோற்றுப் பின்னது தேறினால் வழியின் அகலம் 1492-தான். ரவுட்டரில் எம்எஸ்எஸ் அளவை, அதாவது தலைப்புகள் நீங்கலாக ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவை, 1452 ஆகக் கட்டுப்படுத்திவிட்டால், பின்னால் உள்ள ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கேட்வேயைப் பகிர்வதாலேயே வரும் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு கணினி பெரிய கோப்பை மேலேற்றத் தொடங்கியவுடன் மற்ற எல்லாக் கணினிகளிலும் இணையம் முடங்கியதுபோல ஆகிவிடும். எதுவும் அறுந்திருக்காது, ரவுட்டரிலோ மோடத்திலோ உள்ள வரிசையில் அந்த ஒரு கணினியின் பாக்கெட்டுகள் நிரம்பிவிட, மற்றவற்றின் சிறு கோரிக்கைகள் அவற்றின் பின்னால் காத்துக் கிடக்கும். மேலேற்றம் நடக்கும்போதே கேட்வேக்கும் வெளி முகவரிக்கும் இரண்டு பிங்குகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டால் இது தெளிவாகத் தெரியும். கேபிளில் இணைந்த கணினியில் கேட்வேயின் பதில் ஓரிரு மில்லி விநாடிகளிலேயே நிற்க, வெளிப்பதில் நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகளுக்கு ஏறும். மேலேற்றத்தை நிறுத்திய கணமே இறங்கிவிடும். ரவுட்டரில் எஃப்கியூ கோடெல் (fq_codel) போன்ற, காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு முறை வைத்து அனுப்பும் வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்கி, மேலேற்ற வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வரம்பிட வேண்டும். அப்படி வரம்பிட்டால் வரிசை மோடத்தில் தேங்காமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். பெரிய கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே மற்றக் கணினிகளின் கோரிக்கைகளுக்கும் முறை கிடைக்கும்.